நிராகரிக்கப்பட்டது

இரவு இரண்டு பதின்மூன்று.
தலையணைக்கு அடியில் போன் ஒருமுறை துடிக்கிறது.
எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது ராண்ட்,
எந்தத் தீவிலோ பதிவான ஒரு கம்பெனி.
நிராகரிக்கப்பட்டது.

புரண்டு படுக்கிறேன்.
சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறவளுக்கு
ராத்திரியில் எவனோ வெளிக்கேட்டை
ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சத்தம்
பழக்கம்தான்.
இதுவும் அதே சத்தம். கம்பி மட்டும் இல்லை.

போன வருஷம் கேட்டே இல்லை.
பன்னிரண்டு மணிநேரம் வார்டில் நின்ற கால்களுக்கு
முழங்கால் பட்டை ஒன்று விற்றார்கள்:
சிவப்பு வெளிச்சம், இளஞ்சூடு,
பதினான்கு நாள் இலவசம்,
அனுப்பும் செலவு மட்டும் ஒன்பது ராண்ட் தொண்ணூறு.
இரண்டு சமோசா விலை.
டீ இடைவேளையில் அட்டையின் பதினாறு எண்களையும்
நோயாளிக்குக் கஞ்சி ஊட்டும் பொறுமையோடு
ஒவ்வொன்றாய் ஊட்டினேன்.
பின்பக்கத்து மூன்றையும்.

பட்டை வந்தது. வெளிச்சமும் வந்தது, நான்கு நாள்.
பிறகு மாதாமாதம்
சம்பளம் ஏறிய கையோடு
எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது இறங்கியது.
விதிமுறைகளின் நாற்பத்தோராம் வரியில்
நானே சம்மதித்திருந்தேனாம்.
மருந்துக் குப்பியின் பொடி எழுத்தை
விளக்கில் தூக்கிப் பிடித்துப் படிக்கிற எனக்கு
அந்த வரி கண்ணில் படவில்லை.
நான்கு மாதம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்,
நான் போடுவதை விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பூபாலனுக்கு இன்னும் மோசம்.
மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி, பாதி விலை.
‘கடைசி மூன்று’ என்று திரையில் கடிகாரம் ஓட,
மூச்சிரைக்க அதன் பின்னால் ஓடி
முழுப் பணத்தையும் ஒரு பெயரின் கணக்கில் போட்டார்.
பெயர் இருந்தது. ஆள் இல்லை.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
அவர் மனைவி சிரிக்கவில்லை.

ஸோட்வா மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்:
“முகம் தெரியாதவனுக்கு யாராவது
வீட்டுச் சாவியைத் தபாலில் அனுப்புவார்களா?
வங்கி ஆப்பிலேயே நிழல் அட்டை ஒன்று செய்.
அறுபது ராண்ட் போடு.
அறுபத்தொன்று போடாதே.”

புதிய மருந்தைத்
துளியளவு தோலில் குத்தி, தடிக்கிறதா என்று
காத்திருந்து பார்ப்போமே,
அப்படித்தான் அந்த அறுபது.
தடித்தது.
முகப்பூச்சுக்காரன், கொழுப்பு கரைக்கும் தேநீர்க்காரன்,
எல்லோரும் இரண்டு பதின்மூன்றுக்கு வந்து
வெறும் பையில் கைவிட்டுத் துழாவிவிட்டுப் போகிறார்கள்.

இதோடு நிறுத்தினால் நான் கெட்டிக்காரி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தேஷன் என்று ஒருவன்,
நின்று வேலை செய்கிறவர்களுக்குக்
காலணிக்குள் வைக்கும் மெத்தை வெட்டுகிறான்.
புதுத் தொழில். முதல் ஐம்பது பேருக்குச் சோதனை விலை,
நூற்று நாற்பது.
ஆசை யாரை விட்டது, அழுத்தினேன்.
நிழல் அட்டையில் மிச்சம் முப்பத்திரண்டு.
மூன்று முறை நிராகரித்தது.
“ஆன்ட்டி, பணம் வரவில்லை. பரவாயில்லை,
உங்கள் அளவைக் கட்டி வைத்திருக்கிறேன்” என்று எழுதினான்.

ஆன்ட்டியாம்.
எண்ணை முடக்கினேன்.

அடுத்த வாரம் ஸோட்வா
நொண்டாமல் நடந்தாள்.
பதினோராம் மணிநேரத்திலும் நொண்டவில்லை.
குனிந்து ஷூவைக் கழற்றிக் காட்டினாள்:
அவன் வெட்டியதுதான்.

சனிக்கிழமை பங்களாதேஷ் சந்தைக்குப் போனேன்.
பச்சை மிளகாய்க் குவியலுக்கும்
கறிவேப்பிலைக் கட்டுகளுக்கும் நடுவே
மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தான்.
இருபது வயதிருக்கும். விரலெல்லாம் பசை.
பெயரைச் சொன்னதும்
மேசைக்கடியில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான்,
என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தான்.
செருப்பைக் கழற்றி
அங்கேயே மிதித்துப் பார்த்தேன்.
நோட்டுகளை எண்ணிக் கையில் கொடுத்தேன்.

“மூன்று தடவையும் நிராகரிப்பு என்றே வந்தது ஆன்ட்டி.
என் பக்கம் ஏதாவது தப்பா?”

“இல்லை தம்பி,
வங்கியில் ஏதோ கோளாறு.”

உடனே நம்பிவிட்டான்.